நெத்திவாயனும் மூன்று ஓலைகளும்

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் காரியாபட்டியில் இருக்கும் அக்காவுக்கு வருஷத்துக்கு இரண்டு கார்டுதான். வலது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்காது, அதனால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். சின்ன ரவா பெரிய றவா என்று சந்தேகம் வந்த இடங்களில் என் மனைவியைக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்க வெட்கமாக இருந்த இடங்களில் தோன்றியதைப் போட்டுவிட்டேன். நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நான் எழுதப் போவது ஓர் அரக்கனைப் பற்றி. இரண்டு மழைக்காலம் நான்தான் அந்த அரக்கனாக இருந்தேன்.

அப்போது எனக்கு முப்பது வயது நடந்துகொண்டிருந்தது. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பெண்கள் மரச் சட்டத்தில் குச்சிகளை அடுக்கித் தருவார்கள். நான் அந்தச் சட்டத்தை வாங்கி, குச்சி முனைகளை முதலில் மெழுகிலும் பிறகு மருந்திலும் முக்கிக் காய வைக்க வேண்டும். மருந்து ரூமில் நான் ஒருவன்தான். யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகவே எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சின்ன வயதிலிருந்தே நான் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். கடையில் உப்பு கேட்கக்கூட, வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போவேன். அப்பா அம்மா இல்லை. ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்து நானே பொங்கித் தின்றேன்.

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் படுத்துவிடும். முக்கின குச்சி காயாது. ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. எந்த நேரமும் வெயில் அடிக்கலாம், அடித்தால் அந்த நிமிஷமே வேலை தொடங்க வேண்டும். அதனால் லேபிள் ஒட்டுகிற தகரக் கொட்டகையில் எல்லோரும் மத்தியானம்வரை உட்கார்ந்திருப்போம். பீடி பற்ற வைக்கவும் கூடாது. மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருபது பேர் சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை.

அந்த வருஷம் அச்சாபீசிலிருந்து ஒரு கட்டு லேபிள் தப்பாக வந்தது. பன்னிரண்டு பெட்டிகளைச் சேர்த்துக் கட்டுகிற பொட்டலத்தின்மேல் ஒட்டும் பெரிய லேபிள் அது. நாற்காலியில் ஒரு ராஜா உட்கார்ந்திருப்பார். அச்சுக் கல்லில் சிவப்புக் கலர் போடும்போது தாள் நகர்ந்துவிட்டது போல. ராஜாவின் சிவப்புத் தலைப்பாகை தலைக்கு மேலே தனியாக மிதந்தது. சிவப்பு உதடு நெற்றியில் போய் உட்கார்ந்துகொண்டு சிரித்தது. உதடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மஞ்சள்.

லேபிள் ஒட்டுகிறவர்களில் மூத்தவர் சாத்தூர்க்கார அக்கா ஒருவர். நாற்பது வயது இருக்கும். வெற்றிலை போட்ட வாயோடு எதையும் கதையாக்கிவிடுவார். அவர் அந்த லேபிளை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"ஏளா, இங்கன பாருங்க. இவன் யாருன்னு நினைக்கீக? ராஜா இல்லை. ராஜாவை முழுங்கிட்டு அவர் நாற்காலியில உக்காந்திருக்கான். இவன்தான் நெத்திவாயன்."

"நெத்தியில வாயை வச்சு என்ன செய்வான்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நெருப்பைத் திம்பான். ஊர்ல உள்ள அடுப்பு, விளக்கு, கொல்லன் உலை எல்லாத்தையும் உறிஞ்சிட்டான். இப்ப ஊர் பூரா ஈர விறகும் பச்சைத் தண்ணியுந்தான். யாராவது போயி நெருப்பைக் கொண்டு வரணும். யார் போறீக?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முன்னே தள்ளினார்கள். பிறகு ஆபீசின் கணக்கப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். "நான் போறேன்" என்றார். "நான் இளவரசன்."

அண்ணாச்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. கொட்டகையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

இப்படித்தான் அந்த விளையாட்டு ஆரம்பித்தது. அக்கா ஊரைச் சொல்வார், வழியைச் சொல்வார், வழியில் என்ன குறுக்கே வருகிறது என்று சொல்வார். நாம் யார், என்ன செய்கிறோம் என்பதை நாம் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதைப் புளியங்கொட்டை சொல்லும். ஆறு கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் தரையில் உரசி வெள்ளையாக்கி வைத்திருந்தோம். குலுக்கிப் போட்டால் வெள்ளை நிறைய விழ வேண்டும். ஆறும் கறுப்பாக விழுந்தால் அது நெத்திவாயன் முறை. அவன் நினைத்தது நடக்கும்.

ஒருத்தி மருத்துவச்சியானாள். ஒருத்தி காட்டில் வளர்ந்தவளானாள். லோடு இறக்குகிற ஒருவர் இருந்தார், வெம்பக்கோட்டைக்காரர், ஆள் கதவு அகலம். அவர் திருடனாக வருகிறேன் என்றார். நெத்திவாயனாக யார் என்ற கேள்வி வந்தது. அரக்கனாக யாருக்கும் இஷ்டமில்லை. நான் மூலையில் கிடந்த சாக்குகளின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க இருங்க. நெத்திவாயனுக்குக் கீழ்வாய் கிடையாது. பேசவே வேண்டாம். கொட்டையை மட்டும் உருட்டுங்க."

அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு மூன்று மழை நாட்கள் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் முறை வரும்போது கொட்டையை உருட்டுவேன், தலையை ஆட்டுவேன் அல்லது ஆட்டாமல் இருப்பேன். அண்ணாச்சி வாளை உருவிக்கொண்டு வருவார். அவர் கொட்டை போட்டால் ஒரு நாளும் வெள்ளை விழாது. வாள் உறையிலேயே மாட்டிக்கொள்ளும், குதிரை நொண்டும், ஒரு தடவை இளவரசனின் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"கொட்டையில ஏதோ கோளாறு இருக்கு" என்பார் அண்ணாச்சி.

"கொட்டை நல்லாத்தான் இருக்கு. இளவரசருக்கு வயசாயிட்டு" என்பார் அக்கா.

நாலாவது மழைக்கு லோடுகாரர் கட்சி மாறினார். திருடனாகக் குகைக்குள் நுழைந்தவர் அரக்கனைப் பார்த்ததும் திடீரென்று காலில் விழுந்தார். "இந்த இளவரசனோட திரிஞ்சு காலெல்லாம் வலிக்கு. நான் இனிமே நெத்திவாயன் ஆளு. அவரு பேசறதும் இல்லை, ஏசறதும் இல்லை. இப்படி ஒரு முதலாளி எங்க கிடைக்கும்?"

அவரே பூசாரியானார். நெத்திவாயன் அடியார்களுக்குச் சட்டம் எழுதினார். அடியார் பேசும் முன் ஆள்காட்டி விரலை நெற்றியில் வைக்க வேண்டும். அதுதான் அவர்கள் வாய். சூடான எதையும் ஊதாமல் தின்னக் கூடாது. வெயிலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒவ்வொருத்தராக அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்கள். அடுத்த வாரம் மருத்துவச்சியும் வந்துவிட்டாள். கடைசியில் இளவரசர் பக்கம் இளவரசரும், தப்பிப் பிழைத்த ஒரு கிழட்டுக் குதிரையுந்தான்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் வாய் திறந்தேன். பூசாரி ஏதோ பெரிய விண்ணப்பம் வைத்துவிட்டு, "சாமி, உத்தரவு?" என்று கேட்டார். நான் நெற்றியில் விரலை வைத்துக்கொண்டு, "இளவரசருக்கு முதல்ல ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கொட்டகையில் எல்லோரும் ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள். பிறகு மழைச் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு எழுந்தது. அண்ணாச்சியும் சிரித்தார். அன்றைக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நெத்திவாயன் நிறையப் பேசினான். நான் பேசாததையெல்லாம் அவன் பேசினான். ஒரு வேடிக்கை என்னவென்றால், வேலை செய்தால்தான் எங்களுக்குக் கூலி. மழை எங்கள் வயிற்றில் அடிப்பது. இருந்தும் காலையில் வெயில் பளிச்சென்று அடித்தால் பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சட்டம் அடுக்குவார்கள். மேகம் ஒன்று கறுத்து வந்தால் பத்துப் பேர் ஒன்றாக ஜன்னலைப் பார்ப்பார்கள்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பேசினார்கள்.

பேசினார்கள் என்பது சரியில்லை. என் அக்கா காரியாபட்டியிலிருந்து வந்து பேசினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பெண்ணின் அப்பா எங்கள் சபையைச் சேர்ந்த பள்ளிக்கூட வாத்தியார், கண்டிப்பானவர். பெண் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு இருபத்தேழு வயது. இரண்டு வாத்தியார் மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொன்னவள். ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கு அவர்கள் வீட்டில் காப்பி கொடுத்ததே எனக்கு ஆச்சரியம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தின வருஷம் கொதிக்கிற மெழுகு என் கையில் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கட்டு மாற்றிவிட்டவள் அவள்தான். நான் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அவள் வீட்டில் சொன்னாளாம்: "தோலை உரிச்சுக் கட்டுப் போடும்போது கத்தாம, கட்டி முடிச்சதும் கும்பிட்டுட்டுப் போன ஒரே ஆளு அவுகதான்."

வாத்தியாருக்கு அரைமனசு. மகள் சொல்லுக்காகச் சம்மதித்தார். இந்தச் சம்பந்தம் நடந்தால் நான் மனிதனாவேன், தவறினால் இனி எந்த வீட்டுப் படியும் ஏற மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவளும், "இதை விட்டா நானும் உனக்குப் பொண்ணு கேட்டு எவன் வீட்டுக்கும் வர மாட்டேன்" என்றாள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இதில் தடை சொல்ல யாருக்காவது நியாயம் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் ஆராதனையில் அறிவிப்பார். மூன்றும் தடையில்லாமல் முடிந்தால்தான் கல்யாணம்.

நான் செய்த தப்பு, இதைக் கொட்டகையில் சொன்னதுதான்.

முதல் ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலுக்குள் நுழைந்தபோது கடைசி வரிசையில் சாத்தூர் அக்கா, அண்ணாச்சி, லோடுகாரர், இன்னும் ஆறு பேர் குளித்துத் தலை சீவி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எங்கள் சபையில்லை. எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் முன் வரிசையைப் பார்த்துப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்கள். பாட்டு வந்தபோது லோடுகாரர் வாயை மட்டும் அசைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

போதகர் ஓலையை எடுத்து என் பேரை வாசித்தார்.

பின் வரிசையில் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் ஆள்காட்டி விரலை நெற்றியில் வைத்துத் தலை குனிந்தார்கள்.

மரியாதைக்காகச் செய்தார்கள். பழக்கதோஷம். ஆனால் கோவிலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு பெரியவர் லோடுகாரரிடம், அது என்ன கும்பிடு என்று கேட்டிருக்கிறார். லோடுகாரர் பெருமையாக, "அவரு எங்க நெத்திவாயன்லா. நான் அவருக்குப் பூசாரி" என்று சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் ஒரு கூட்டம் அரக்கனைக் கும்பிடுகிறதாம். வாத்தியார் வீட்டு மாப்பிள்ளைதான் அந்த அரக்கனாம். சாக்குமேல் உட்கார்ந்து பூசை வாங்குகிறானாம். சாயங்காலம் வாத்தியார் போதகரிடம் போய், "ரெண்டாவது ஓலையை வாசிக்க வேண்டாம். நான் நேர்ல பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டார். அக்கா காரியாபட்டிக்குப் போக மூட்டை கட்டினாள். நான் வாத்தியார் வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டும். தெருமுனைவரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. கொட்டகையில் யாரும் விளையாடவில்லை. லோடுகாரர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி சுமாருக்குக் குடையை மடக்கிக்கொண்டு வாத்தியார் உள்ளே வந்தார். அண்ணாச்சி எழுந்து ஒரு குச்சிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார். வாத்தியார் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். சுவரில் நாங்கள் ஒட்டி வைத்திருந்த நெத்திவாயன் லேபிளைப் பார்த்தார்.

"இதுதான் உங்க சாமியா?"

சாத்தூர் அக்காதான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சாமி இல்லை சார். அரக்கன். விளையாட்டு."

"அரக்கனை வச்சா விளையாடுறது?"

"அரக்கன் இல்லைன்னா யாரோட மல்லுக்கட்டுறது? உங்க வேதத்துலயும் ஒருத்தன் இருக்கான்ல சார்."

"அவனை யாரும் கும்பிட மாட்டாங்க."

"இவனையும் கும்பிடக் கூடாதுதான். இந்தத் தடியனுக நடந்து நடந்து கால் வலிக்குன்னு கட்சி மாறிட்டானுக. நான் என்ன செய்ய?"

வாத்தியாரின் மீசை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. "சரி, என்னதான் செய்யுதீக, செஞ்சு காட்டுங்க. பாக்கேன்."

"பாத்தா விளங்காது சார். ஆடணும். நீங்க யாரா வாரீக, சொல்லுங்க."

"நான் வாத்தியார்."

"கதையிலயுமா?"

"கதையிலயும் வாத்தியார்தான்."

அக்கா கதையைத் தொடங்கினார். ஊரில் பள்ளிக்கூடத்தில் விளக்கு இல்லை. இருட்டில் எழுத்து தெரியவில்லை. வாத்தியார் குடையும் சாக்குக் கட்டியுமாக நெத்திவாயனைத் தேடி மலை ஏறுகிறார். குகை வாசலில் பூசாரி மறிக்கிறான். "என்ன செய்யப் போறீக சார்?"

"யாருலே அது வழியில நிக்கது? எட்டாம் வாய்ப்பாடு சொல்லு, பாப்போம்" என்றார் வாத்தியார்.

லோடுகாரர் உண்மையாகவே எழுந்து நின்றுவிட்டார். "ஓரெட்டு எட்டு... ஈரெட்டு பதினாறு..." ஐந்தெட்டில் மாட்டிக்கொண்டார். வாத்தியார் கொட்டையைக் குலுக்கிப் போட்டார். ஐந்து வெள்ளை. பூசாரி காதைப் பிடித்துக்கொண்டு வழி விட்டார். பெண்கள் சிரித்து உருண்டார்கள். வாத்தியார் பெட்டியை இழுத்துப் போட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அப்போது எனக்குத் தெரிந்தது, அவருக்கு ஆட்டம் பிடித்துவிட்டது.

குகைக்குள் வந்து அவர் மறுபடியும் போட்டார். ஆறும் வெள்ளை. அதுவரை யாருக்கும் ஆறு விழுந்ததில்லை. அண்ணாச்சி பெருமூச்சு விட்டார்.

அக்கா யோசித்துச் சொன்னார். "ஆறு விழுந்துட்டு. இப்ப நெத்திவாயனை வெட்டினா வெட்டுப்படுவான். இல்லை, மூணு கேள்வி கேக்கலாம். மூணுக்கும் அவன் நிசத்தைத்தான் சொல்லணும். எது வேணும் சார்?"

வாத்தியார் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். "கேள்வி" என்றார்.

நான் விரலை நெற்றியில் வைத்தேன்.

"ஊர் நெருப்பை எல்லாம் எதுக்கு எடுத்தே?"

"குளிருது சார்" என்றேன். அரக்கன் 'சார்' என்று சொன்னதைக் கேட்டு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாத்தியார் கையைக் காட்டி அடக்கினார். நான் தொடர்ந்தேன். அன்றைக்கு என்னால் நிறுத்த முடியவில்லை. "நான் ஒத்தையில இருக்கேன். மலையில இருந்து பாத்தா எல்லா வீட்டுலயும் அடுப்பு எரியும். அடுப்பைச் சுத்தி ஆள் இருக்கும், பேச்சு இருக்கும். அடுப்பை எடுத்துட்டு வந்தா அதுக கூடவே ஆளும் வரும்னு நினைச்சேன். நெருப்பு மட்டுந்தான் வந்துச்சு. ஆள் வரலை."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வாத்தியார் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டாவது கேள்வி. நெருப்பைத் திருப்பிக் குடுக்கச் சொன்னாக் குடுப்பியா?"

"குடுப்பேன். ஆள் வருமா சார்?"

"அதை நான் எப்படிச் சொல்ல? ஆளைத்தான் கேக்கணும்." அவர் எழுந்து குடையை எடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பி அக்காவைப் பார்த்தார். "மூணாவது கேள்வி பாக்கி இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அதை என் மக கேப்பா."

அவர் போன பிறகு லோடுகாரர் அழுதுவிட்டார். இத்தனை பெரிய ஆள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுததைப் பார்த்து, சிரிப்பதா தேற்றுவதா என்று தெரியவில்லை.

புதன்கிழமையிலிருந்து வெயில். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்று நாளும் சட்டம் சட்டமாக முக்கினேன். என்ன கேட்பாள் என்று யோசித்துப் பெரிய பெரிய பதில்களாகச் சேர்த்து வைத்தேன். குடி உண்டா என்று கேட்டால் ஒரு பதில். படிப்பில்லையே என்றால் ஒரு பதில். சொந்த வீடு கட்டுவீர்களா என்றால் மூன்று பதில்கள்.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சேலையோடு அவள் வந்தாள். வேலைக்கு நடுவில் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். கூட வாத்தியாரும் வந்தார். வெளியே வெயில் கொளுத்தியது.

"மழை இல்லாம ஆட முடியாதே" என்றார் அண்ணாச்சி. அவருக்குச் சட்டம் சட்டம்தான்.

லோடுகாரர் எழுந்து வெளியே போனார். ஏணி சாய்க்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கொட்டகைத் தகரத்தின்மேல் தடதடவென்று தண்ணீர் விழுந்தது. தொட்டியிலிருந்து ஒருவர் மொண்டு கொடுக்க, அவர் கூரையேறி வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தார். இறவாரத்தில் தண்ணீர் வடிந்தது. வெயிலில் அது பளபளத்தது.

"மழை பெய்யுது" என்றார் சாத்தூர் அக்கா. "உக்காரும்மா. நெத்திவாயன் உன் முன்னால இருக்கான். ஒரு கேள்வி. நிசத்தைத்தான் சொல்லுவான்."

அவள் பெட்டிமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். பதினைந்து நாள் என் கையைப் பிடித்துக் கட்டுப் போட்டவளை நான் அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன். பிறகு சுவரில் இருந்த லேபிளைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். புண்ணைப் பார்க்கிற மாதிரி, எங்கே மருந்து வைக்கலாம் என்று பார்க்கிற மாதிரி.

"வாய் நெத்தியில இருக்கே" என்றாள். "சாப்பிடும்போது சோறு கண்ணுல விழாதா?"

நான் சேர்த்து வைத்த பதில்கள் எதுவும் இதற்கு ஆகாது. கூரைமேல் இன்னொரு வாளி விழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் விரலை வைக்க மறந்துவிட்டேன் என்று பிறகு சாத்தூர் அக்கா சொன்னார்.

"விழும்" என்றேன். "துடைச்சு விட ஒரு ஆள் வேணும்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். வாத்தியார் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "அரை மணி ஆயிட்டு. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு" என்றார். பிறகு கூரையை நோக்கி, "போதும்லே, இறங்கு. வழுக்கி விழுந்தேன்னா இவதான் உனக்கும் கட்டுப் போடணும்" என்றார்.

மறுநாள் இரண்டாவது ஓலை வாசித்தார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு மூன்றாவது. இரண்டு நாளும் ஒன்பது பேரும் வந்தார்கள். என் பேரை வாசித்தபோது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். லோடுகாரரின் முகம் தும்மலை அடக்குகிறவர் முகம் மாதிரி இருந்தது. தடை சொல்ல யாரும் எழவில்லை.

கல்யாணம் ஆனதும் அரக்கன் கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். சாத்தூர் அக்கா விடவில்லை. நெத்திவாயன் நெருப்பைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தான், ஆனால் எந்த வீட்டு நெருப்பு எது என்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை, வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த மழைக்காலம் முழுவதும் அதுதான் ஆட்டம். அண்ணாச்சியின் இளவரசன் வழிகாட்டியாக முன்னால் போனான். லீவு நாளில் மழை பெய்தால் வாத்தியார் குடையோடு வருவார். தன் முறைக்குக் காத்திருக்க அவரால் முடியாது, கொட்டையைப் பிடுங்குவார். என் மனைவி வந்த நாளில் மட்டும் பூசாரி ஒழுங்காக இருந்தார்.

இப்போது எனக்கு நாற்பத்திரண்டு ஆகிறது. கூச்சம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் புது ஆள் முன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் மட்டும் நிறையப் பேசுகிறேன், போதும் என்று அவள் சொல்கிற அளவுக்கு. இதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னதும் அவள்தான். நாலு வருஷமாகச் சொன்னாள், நானும் ஆகட்டும் ஆகட்டும் என்று நாலு வருஷம் ஓட்டினேன்.

இப்போது எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். தான் ஆஸ்பத்திரியில் கேட்டு வந்தது அரை மணி நேரமில்லை, கால் மணி நேரந்தான் என்றாள். பாக்கிக் கால் மணி நேரம் நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்டதாம். திருத்தவா என்று கேட்டேன். வேண்டாம், தேதியை மட்டும் போடுங்க என்றாள்.

23-11-1969, ஞாயிற்றுக்கிழமை.